கொரோனா இறக்கிவிட்ட இடம்

எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வந்தால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. வடசென்னையில் டோல்கேட் பக்கம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற சாதாரணத் தெருதான். இரண்டு பக்கமும் ஒண்டுக்குடித்தனங்கள், நடுவில் ஓர் ஆட்டோ போகிற அகலம். கோலம் போடுகிற இடத்தில்கூட ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் வாசல் தெளிக்க வருகிறவர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் தினம் ஒரு வாய்ச்சண்டை. 2019 வாக்கில் இதே தெருவில் யாரிடம் வண்டி இருக்கிறது என்று ஆளைக் காட்டிச் சொல்லிவிடலாம். பால் போடுகிறவர், கேஸ் சிலிண்டர் ஏஜென்சியில் இருப்பவர், துறைமுகத்தில் நிரந்தர வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மற்றவர்களுக்கு பஸ், ரயில், ஷேர் ஆட்டோ, எதுவும் வராவிட்டால் நடை.

இத்தனை வண்டி எப்போது வந்தது என்று யாரைக் கேட்டாலும், "கொரோனா டைம்ல வாங்கினதுபா" என்பார்கள். நோய்க்குப் பயந்து கூட்டத்தை விட்டு ஒதுங்கினோம் என்று கதையை அதோடு முடித்துவிடலாம். ஆனால் நான் பார்த்தவரை அதில் பயத்தின் பங்கு கொஞ்சம்தான். பயம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் இருந்தது. அப்படியும் ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். ஆண்கள் பைக்குக்குப் போனார்கள், பெண்கள் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள், என்னைப் போல அலுவலக வேலைக்காரர்கள் சிலர் மெட்ரோவுக்கு மாறினோம். வேலைக்குப் போயே தீர வேண்டிய நாளில் எது ஓடியது, எதற்குக் கையில் காசு இருந்தது என்பதுதான் இதையெல்லாம் தீர்மானித்தது.

வடசென்னையில் எங்கே போனாலும் ஒரு பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தாண்டியாக வேண்டும். ரயில் பாதைகள் எங்கள் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. ராயபுரம் பாலம், ஸ்டான்லி பக்கத்துச் சுரங்கப்பாதை, பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, கணேசபுரம் என்று வாசல்கள் கொஞ்சம்தான். பெருமழை வந்தால் அதிலும் பாதி மூடிவிடும். கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். 2016இல் மெட்ரோ விரிவாக்க வேலை தொடங்கியதும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் தகரத் தடுப்புகளுக்கு நடுவே சுருங்கிப்போய், பஸ்கள் சுற்றிப் போக ஆரம்பித்தன. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியது. 3 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய் ஆனது. பஸ்ஸை விட்டு ஆட்கள் இறங்கத் தொடங்கியது அப்போதே. கொரோனா வந்து, படிக்கட்டில் நின்றவர்களையும் தள்ளிவிட்டது.

அந்த வருடங்களில் எங்களைக் கரை சேர்த்தது ஷேர் ஆட்டோ. டோல்கேட்டிலிருந்து தங்கசாலை மின்ட்டுக்கும் பாரிமுனைக்கும் எந்த நேரமும் கிடைக்கும். எதிரும் புதிருமாக முட்டி இடிக்க உட்கார்ந்து, கடைசியாக ஏறினவர் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு தொங்கி, பத்து ரூபாயை முன்னால் கைமாற்றிக் கொடுத்து இறங்குவோம். மூச்சுக்காற்றால் பரவுகிற ஒரு நோய்க்கு இதைவிடத் தோதான வாகனம் கிடையாது.

2020 மார்ச் 22 ஜனதா ஊரடங்கு. 24ஆம் தேதி மாலையிலிருந்து தமிழ்நாட்டில் 144, மறுநாள் முதல் நாடு முழுக்க அடைப்பு. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாம் நின்றுபோயின. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்துதான் என்று பெருமை பேசுகிற ஊர். அங்கே தண்டவாளத்தில் சரக்கு வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு மண்ணடியில், லிங்கிச் செட்டித் தெருவில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. துறைமுகம் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது. கப்பல் வந்தால் பெட்டி இறங்கும், பெட்டி இறங்கினால் கஸ்டம்ஸ் பேப்பர் போயாக வேண்டும். ஆகவே எங்களில் சிலர் போனோம். டோல்கேட்டிலிருந்து மண்ணடி ஐந்தாறு கிலோமீட்டர். நடந்துதான். அந்த ஏப்ரல், மே மாதங்களில் ராயபுரம் மண்டலம் நகரத்திலேயே தொற்று அதிகமுள்ள பகுதியாக இருந்ததால் தெருவுக்குத் தெரு தகரம் அடித்து வைத்திருந்தார்கள். நேற்றுப் போன சந்து இன்றைக்கு இருக்காது. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கிழவி பையையும் காசையும் கயிற்றில் கட்டி இந்தப் பக்கம் போடுவார். மளிகைக்கடைப் பையன் சாமானைக் கட்டித் திருப்பி அனுப்புவான். கல்மண்டபத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என் அலுவலகக் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. பேரிகார்டு மேல் வைக்கச் சொல்லி, லத்தி நுனியால் அழுத்திப் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு, "போ போ, ஓரமா போ" என்றார். ரோட்டில் வேறு ஒரு ஆள் கிடையாது, எதற்கு ஓரம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எங்களுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் என்றால், மே மாதத்தில் செங்குன்றம் வழியாக ஆந்திர எல்லையைப் பார்த்து மூட்டையோடு நடந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்குக் கணக்கே வேறு. அதே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, பழக்கடையும் பூக்கடையும் மாதவரம் பஸ் நிலையத்துக்கு வந்தன. ஆந்திரா பஸ்கள் கிளம்ப வேண்டிய நடைமேடையில் வாழைத்தாரும் மல்லிகை மூட்டையும் இறங்கின. பஸ் ஓடாத ஊரில் பஸ் நிலையம் வேறு எதற்கு ஆகும்?

என் தங்கை வீடு மீஞ்சூரில். மாப்பிள்ளைக்கு மணலியில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் வேலை. அதுவரை அவர் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வந்து திருவொற்றியூரில் இறங்கி, பட்டறை வேனில் போவார். சீசன் டிக்கெட் கைவசம் இருந்ததால் போக்குவரத்து ஒரு செலவாகவே அவருக்குத் தெரிந்ததில்லை. ஊரடங்கு தளர்ந்து பட்டறையைத் திறந்தபோது ரயிலும் இல்லை, வேனும் இல்லை. போதாக்குறைக்கு மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டம், மணலி சென்னை மாவட்டம். தினம் போய்வருகிற வேலைக்கு இ-பாஸ். ஆகஸ்ட் 17க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் தானாகவே பாஸ் வந்தது. அதற்கு முன் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வேலையை விடுவதா, வண்டி வாங்குவதா என்று இரண்டே வழி. தங்கையின் சங்கிலி அடகுக்குப் போனது.

புது வண்டி வாங்குவதும் அப்போது லேசில்லை. 2020 ஏப்ரல் 1 முதல், புகை குறைவாக விடுகிற பி.எஸ். 6 இன்ஜின் வண்டிகளைத்தான் பதிவு செய்யலாம் என்று ஆகி, விலை ஏறியிருந்தது. அதனால் எல்லாரும் செகண்ட் ஹேண்ட் தேடினார்கள். தெருமுனை மெக்கானிக்குக்கு அந்த வருடம் நல்ல காலம். மாப்பிள்ளை வாங்கியது ஒரு பழைய நூறு சிசி வண்டி. மணலி புதுநகர் வழியாக நேராகப் போனால் ரயிலில் சுற்றுகிற நேரத்தில் பாதிதான் ஆகிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "இத்தினி வருசம் ஏன் மச்சான் சுத்திக்கினு கெடந்தேன்?" என்று என்னிடமே கேட்டார். அந்த ரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே அவர் போவதை நினைத்து என் தங்கை சாமியறையில் கூடுதலாக ஒரு விளக்கு ஏற்ற ஆரம்பித்ததும் அப்போதுதான்.

சைக்கிளைப் பற்றிப் பத்திரிகைகளில் அந்தச் சமயம் நிறைய எழுதினார்கள். ஊரெல்லாம் சைக்கிளுக்கு மாறுகிறது, காற்று சுத்தமாகிறது என்று. எங்கள் பக்கமும் பரணில் கிடந்த சைக்கிள்கள் இறங்கின, பஞ்சர் கடையில் கூட்டம் நின்றது. லாரிகள் பழையபடி ஓடத் தொடங்கியதும் அவை மறுபடியும் பரணுக்குப் போயின. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு தடவை சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்கள் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள்.

ஊரடங்கு தளர்ந்தபோது மற்ற எதற்கும் முன்னால் தெருவுக்கு வந்தது ஷேர் ஆட்டோதான். டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட், கம்பியில் கட்டித் தொங்கவிட்ட சானிடைசர் பாட்டில். "மூணு பேருதாம்மா ஏத்துவேன், இருபது ரூபா" என்றார்கள். நியாயம்தான் என்று கொடுத்தோம். சில வாரங்களில் மூன்று ஐந்தானது, ஐந்து எட்டானது. பிளாஸ்டிக் ஷீட் கிழிந்து காற்றில் படபடத்தது. இருபது மட்டும் பத்துக்கு இறங்கவில்லை. ஒரு டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, டீசல் வெல இன்னான்னு தெரியுமா? நாலு மாசம் வண்டி நின்னுச்சே, டியூ எவன் கட்னான்?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

செப்டம்பர் 1 அன்று மாநகரப் பேருந்து ஓடத் தொடங்கியது. பின்வழியாக ஏறி முன்வழியாக இறங்கு, சீட்டில் குறி போட்ட இடத்தில்தான் உட்கார் என்றெல்லாம் விதிகள். கம்பியைத் தொடாமல் நிற்க முயன்று பிரேக் போட்டதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். தொட்டால் வரும் என்று தொடுகிற இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நோய்க்குக் காற்றுதான் முக்கிய வழி என்பது பின்னால்தான் தெளிவானது. அப்படிப் பார்த்தால், எல்லா ஜன்னலும் திறந்து ஆட்டமாக ஆடிக்கொண்டு போகிற நம் பழைய டவுன் பஸ், கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட வாடகைக் காரைவிட மேல். ஆனால் காருக்குள் உட்கார்ந்தவர் தான் பத்திரமாக இருப்பதாக நினைத்தார், பஸ்ஸில் போனவர் விதியே என்று போனார்.

மின்சார ரயில் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மெட்ரோ செப்டம்பர் 7 முதல் ஓடியது. மின்சார ரயிலில் அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களை மட்டும் ஏற்றினார்கள். நவம்பர் 23 முதல் பெண்கள், டிசம்பர் 23 முதல் பொதுமக்கள். அதுவும் காலை, மாலை கூட்ட நேரம் தவிர்த்து. கூட்ட நேரத்தில் போகாமல் வேறு எப்போது வேலைக்குப் போவது? பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கூடையோடு வியாபாரத்துக்கும் வருகிறவர்கள் அந்த ரயிலை நம்பிப் பிழைக்கிறவர்கள். 5, 10 ரூபாய் டிக்கெட்டில் போன இடத்துக்கு வேனில் இடம் பிடித்து ஐம்பது, அறுபது கொடுத்தார்கள். ஏசி மெட்ரோவைத் திறந்துவிட்டு, கதவே மூடாமல் காற்றோட்டமாக ஓடுகிற ரயிலைப் பூட்டி வைத்ததற்கு நோயைக் காரணம் சொன்னால் எப்படி ஏற்பது? கூட்டம் பெரிது, கட்டுப்படுத்த முடியாது என்றார்கள். கூட்டம் அவ்வளவு பெரிது என்றால் தேவையும் அவ்வளவு பெரிது என்றுதானே அர்த்தம்! பிறகு 2022 ஜனவரியில் மூன்றாம் அலை வந்தபோது, 10ஆம் தேதி முதல் இரண்டு தவணை ஊசி போட்ட சான்றிதழ் காட்டினால்தான் டிக்கெட் என்றார்கள். போன் இல்லாத கிழவிகள் மடித்து மடித்துக் கிழிந்த ஜெராக்ஸ் தாளை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்கு முன்பே, முதல் இரண்டு அலைகளுக்கு நடுவே, 2021 பிப்ரவரி 14 அன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ திறந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர். இதற்காகத்தானே இத்தனை வருடம் தூசி தின்றோம் என்று தெருவே போய்ப் பார்த்தது. அடுத்த வாரமே கட்டணத்தையும் குறைத்தார்கள். உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆனது. எனக்கு டோல்கேட்டில் ஏறி மண்ணடியில் இறங்கினால் அலுவலகம் கூப்பிடு தூரம். ஆனால் மே மாதம் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அது திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் பல நாட்கள் ஒரு பெட்டியில் நான்கு பேர், ஐந்து பேர்தான். வடசென்னைக்குக் கடைசியாக ஒரு நல்லது வந்தது, வந்த நேரம் பார்த்து யாரும் ஏறவில்லை. மெட்ரோ நிறுவனத்தின் கணக்கிலேயே இது தெரியும். 2019இல் மொத்தம் 3.28 கோடிப் பயணங்கள். 2020இல் 1.18 கோடி, 2021இல் 2.53 கோடி. அப்புறம் 2022இல் 6 கோடியைத் தாண்டி, 2023இல் 9 கோடிக்கு மேல் போய்விட்டது. இதில் எங்கள் விம்கோ நகர் நீட்டிப்புக்கும் பங்கு உண்டு. காலையில் எட்டரைக்கு டோல்கேட்டில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் அலுவலகப் பை, கழுத்தில் அடையாள அட்டை. கூடையோடு யாரும் இல்லை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழைய முடியாது என்பது ஒரு பக்கம். மின்ட் வரை போவதற்கு மெட்ரோவில் அவ்வளவு செலவழிக்கக் கூடைக்காரர்கள் யாரும் தயாரில்லை என்பது இன்னொரு பக்கம்.

பெண்களின் கதையை மாற்றியது வேறொரு உத்தரவு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விசித்திரம் என்னவென்றால், உத்தரவு வந்து இரண்டே நாளில், 10ஆம் தேதி, முழு ஊரடங்கு. பஸ்ஸே இல்லை. இலவசப் பயணத்தைக் கையில் கொடுத்து வீட்டில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஜூன் 21 அன்று சென்னையில் பஸ் திரும்ப ஓடியபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். கொரோனாவுக்கு முன்னால் ஷேர் ஆட்டோவில்தான் போவார். பஸ் டிக்கெட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது எதற்குக் காத்திருப்பது என்பார். ஆட்டோ இருபது ஆகி, பஸ் இலவசம் ஆனதும் கணக்கு தலைகீழாகிவிட்டது. போக வர நாற்பது ரூபாய், அதுவும் நோய் ஓய்ந்து பாதிச் சம்பளத்தில் கடை திறந்த காலத்தில். இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வில் வந்தது. அக்காவின் கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

அதற்கு விலை காத்திருப்புதான். முதலில் வெள்ளை போர்டு பார்த்து ஏற வேண்டும். டீலக்ஸ் வந்தால் விட்டுவிட வேண்டும். தூரத்திலிருந்து போர்டு படிக்க முடியாமல் கை காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர். 2022 ஆகஸ்டில் முன்னும் பின்னும் ரோஸ் கலர் அடித்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் பெண்கள் மட்டும் கூட்டமாக நிற்கிற ஸ்டாப்பில் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்துகிற டிரைவர்கள் இன்றைக்கும் உண்டு. அக்கா ஓடிப்போய் ஏறுவார். ஏறினதும் முதல் வேலையாக டிரைவர் காதில் விழும்படி ஒன்று சொல்வார், இங்கே எழுத முடியாது.

இப்போது எங்கள் தெருவில் ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒரே திசைக்குப் போனாலும் சேர்ந்து போவதில்லை. முன்பு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறி, ஒருவர் மகாராணி தியேட்டர் ஸ்டாப்பிலும் ஒருவர் மின்ட்டிலும் இறங்குவார்கள். இப்போது அவன் பைக்கில், அவள் பஸ்ஸில். பின்னால் உட்கார வைத்துப் போகலாமே என்றால் அவன் வேலை வேறு பக்கம், நேரமும் வேறு. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. இனி ஆண்கள் பஸ்ஸுக்கு வந்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். யாரும் வரவில்லை. தவணை கட்டுகிற வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு டிக்கெட் எடுக்க யாருக்கும் மனசு வராது. அதோடு, ஊரடங்கில் வேலை போன இளவட்டங்களுக்கு அந்த வண்டிதான் வேலையே. சாப்பாடு, மளிகை, பார்சல் என்று டெலிவரிக்குப் போன பையன்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேர்! பயணத்துக்கு வாங்கின வண்டியாக இருந்தால் விற்றிருப்பார்கள். சோறு போடுகிற வண்டியை யார் விற்பது?

நடுவில் பள்ளிப் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அதற்குள் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆறாம் வகுப்பில் தனியாக பஸ் ஏறக் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளைகள் அதைக் கற்காமலே ஏழுக்கு வந்துவிட்டார்கள். என் மகள் அவர்களில் ஒருத்தி. எந்தப் பக்கம் நின்று எந்த பஸ்ஸில் ஏறுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் கூடவே போனேன். அவள் தோழிகளில் பாதிப் பேரை அப்பாக்கள் பைக்கில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

அக்காவின் மகனும் டெலிவரி பையன்தான். தீபாவளி சீசனில் துணிக்கடை மூட இரவு பத்து ஆகிவிடும். அந்த நேரத்தில் எம்.சி. ரோட்டிலிருந்து டோல்கேட்டுக்கு இலவச பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பது வீண். ஷேர் ஆட்டோக்காரரும் ராத்திரி என்றால் முப்பது கேட்பார். ஆகவே மகனுக்குப் போன். அவன் கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டு, முதுகில் அந்தப் பெரிய பையோடு வருவான். பை இருப்பதால் அம்மா உட்கார இடம் இருக்காது. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஒருக்களித்து உட்கார்ந்து வருவார். போன வாரம் தெருமுனையில் இறங்கும்போது அவன், "பெட்ரோலுக்கு நூறு ரூபா குடும்மா" என்றது என் காதில் விழுந்தது. "பஸ்ல மிச்சம் புடிக்கறதெல்லாம் உன் டேங்க்லதான்டா ஊத்தறேன்" என்று திட்டிக்கொண்டே பர்ஸைத் திறந்தார். அவன் வாங்கிக்கொண்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான்.